எழுதி வைத்த நாட்கள்

டைரி எழுதுகிறவரிடம் வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?" இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வரும் எனக்கு அதைச் சிரித்துத் தள்ளிவிட மனம் வருவதில்லை. வாழவே நேரம் போதாத காலத்தில், வாழ்ந்து முடித்த ஒரு நாளை எழுத இரவில் அரைமணி நேரம் ஒதுக்குவது சரிதானா என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

தொடக்க கால டைரிகளில் பெரும்பகுதி என் மனநிலை பற்றியது. "இன்று மனசே சரியில்லை" என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்ற விவரம் இல்லை. படித்தால் அந்த வருத்தம் யாருடையதோ என்று தோன்றுகிறது. ஆனால் அதே பக்கத்தின் மூலையில் அரிசி மூட்டை வாங்கிய கணக்கோ, மின்சாரம் போன நேரமோ, ஊரிலிருந்து வந்த சித்தப்பா எந்தப் பஸ்ஸில் திரும்பினார் என்பதோ இருந்தால் போதும், அந்த நாள் முழுவதும் எழுந்து வந்துவிடுகிறது. வருத்தமும் கூடவே வருகிறது. உணர்ச்சியைச் சுமந்து வருவது விவரம்தான். இதை நான் அறிய வருடங்கள் ஆயின.

அப்பா கடைசி ஆண்டில் பேச்சையே நிறுத்திவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். அந்த ஆண்டு டைரியைப் பின்னொரு நாள் எடுத்துப் பார்த்தேன். சித்திரையில் ஒரு நாள், மொட்டை மாடியில் வடகம் காய்கிறதே, மேகம் கறுக்கிறதே என்று கவலைப்பட்டிருக்கிறார். இன்னொரு நாள் சுண்டைக்காய் வற்றல் குழம்பு கேட்டிருக்கிறார். பழைய ஆபீஸ் நண்பர் பென்ஷன் விஷயமாக வந்தபோது, பஞ்சப்படிக் கணக்கை மனத்திலேயே போட்டுச் சொல்லியிருக்கிறார். துக்கம் ஓர் ஆண்டையே கடைசி வாரத்துக்குள் சுருக்கி வைத்திருந்தது. டைரிதான் அதைத் தனித்தனி நாட்களாகப் பிரித்து எங்களிடம் திருப்பிக் கொடுத்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வற்றல் குழம்பு வந்த இடத்தில், "ஆமாண்டா, அன்னிக்கு ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்" என்றார். அது என் டைரியில் இல்லாத செய்தி. அன்றிரவே எழுதிச் சேர்த்தேன்.

யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நினைவு வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736-இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் வரை எழுதினார். கண்டதையும் கேட்டதையும் கப்பல் வந்ததையும் போனதையும் எழுதுவதாகச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். நாள், கிழமை, நாழிகை எல்லாம் இருக்கும். பேச்சுத் தமிழ் அப்படியே இருக்கும். அவர் இறந்த சில நாட்களில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது. நாட்குறிப்பு வீட்டிலேயே கிடந்தது. 1846-இல் கலுவா மோன்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் பிரதி எடுத்த பிறகுதான் வெளியுலகம் அதை அறிந்தது. பின்னர் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்த நாவல்தான். பிள்ளை எழுதியிராவிட்டால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரித் தெருவில் மக்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதை நாம் எங்கே போய்க் கேட்பது?

லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்பவரும் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் டைரி எழுதினார். 1666-இல் ஊரே தீப்பற்றி எரிந்தபோது தம் பாலாடைக்கட்டியை மண்ணில் புதைத்து வைத்ததையும் விடாமல் எழுதினார். கண்பார்வை போய்விடும் என்று அஞ்சி நிறுத்தியவர், அதன்பின் 34 ஆண்டுகள் உயிரோடிருந்தார். அந்த ஆண்டுகளின் பக்கங்கள் எழுதப்படாமலே போனதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நாமெல்லாம் பிள்ளையோ பீப்ஸோ அல்ல, ஆகவும் வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுவதில் பயன் உண்டு. இரவில் எழுத வேண்டும் என்ற நினைப்பு பகலிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பேசுகிறவரின் சொல்லைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறேன். பூக்காரம்மா இன்று ஏன் வரவில்லை என்று விசாரிக்கத் தோன்றுகிறது. டைரி எனக்குத் தந்த பெரிய லாபம் இதுவே என்பேன். ஒரு விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: பிறர் நம்பிச் சொன்ன ரகசியத்தை எழுதுவதில்லை. நான் போன பிறகு அந்தப் பக்கத்தை யார் திறப்பார்கள் என்பது என் கையில் இல்லை. நம்பிச் சொன்னவர்களுடைய மானத்தை என் பேனா எடுத்துச் செலவழிக்கக் கூடாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் டைரியோ, பாட்டியின் பால் கணக்கு நோட்டோ இருக்கலாம். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். ஒருமுறை முழுக்கப் படியுங்கள். அதில் வரும் பெயர்கள் யாருடையவை என்று கேட்டறிய வீட்டில் இன்னும் பெரியவர்கள் இருக்கும்போதே படியுங்கள்.