திரும்பி வரும்போது யார் ஓட்டுவது?

சனிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டோரம் நின்றால் கர்நாடகா நம்பர் போட்ட கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். பெங்களூரில் விடியற்காலை கிளம்பி கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரி போகிறவர்கள். ராஜகிரி மலை கண்ணில் பட்டதும் சிலர் ஓரமாக நிறுத்துவார்கள். பெரும்பாலும் ஜோடிகள். மலையைப் பின்னால் வைத்து ரெண்டு செல்ஃபி, ஒரு டீ, மறுபடி கார். ஞாயிறு மத்தியானம் அதே மாதிரி கார்கள் எதிர்த்திசையில் போகும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலத்து 12 கோட்டைகளைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது எங்கள் கோட்டை மட்டும்தான். அதற்குப் பிறகு கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்கு நாங்கள் வழியில் வருகிற ஊர்தான்.

எங்கள் மூன்றாவது கல்யாண நாளுக்கு அதே ரோட்டில் எதிர்ப்பக்கம் போவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். நந்தி மலை அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் தயாரிக்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே ஒரு நாள், பிறகு பெங்களூரில் இரண்டு நாள். அவர் எதையும் எக்செல் ஷீட்டில் போடாமல் செய்ய மாட்டார். காலை ஐந்து மணிக்குக் கிளம்புவது. பன்னிரண்டுக்குத் தோட்டம், தயாரிப்புக் கூடம், டேஸ்டிங். நான்கு மணிக்கு நந்தி மலை. மறுநாள் சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள், கப்பன் பார்க். அதற்கடுத்த நாள் லால்பாக், ஊர் திரும்பல். பெட்ரோல் செலவு, அறை வாடகை, சாப்பாடு என்று தனித்தனிக் கட்டங்கள்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். "எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

"பெங்களூரு. திராட்சைத் தோட்டம் ஒண்ணு இருக்காம். அத பாத்துட்டு, ஊரச் சுத்திட்டு வருவோம்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் பொய் சொன்னவளுக்கு வருகிற அதே படபடப்பு வந்தது. இந்தக் கட்டுரை அந்தப் படபடப்பைப் பற்றியது.

*

அப்பா நெல் மூட்டை தூக்கினார். சாயங்காலம் குடித்தார். உடம்பு வலிக்கு என்று தொடங்கியது, பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. ஐம்பத்தொரு வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அடிக்கிறவர் இல்லை. விழுகிறவர். எங்கே விழுந்து கிடக்கிறார் என்று தேடிப் போவது அம்மாவின் வேலை, டார்ச் பிடிப்பது என் வேலை. அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. தமிழ்நாட்டில் இந்தக் கதையை இதைவிடக் கொடூரமாகச் சொல்லக்கூடியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

அந்த வீட்டில் வளர்ந்த நான் காசு கொடுத்து ஒயின் ருசி பார்க்கப் போகலாமா? கேள்வி இவ்வளவுதான்.

முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்: அது வேறு, இது வேறு. கண்ணாடிக் கோப்பையில் ஒரு விரல் அளவு ஊற்றுவார்கள். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்றி மோந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாய். விழுங்க வேண்டாம் என்றால் துப்புவதற்குத் தனியாக ஒரு பாத்திரம்கூட வைத்திருப்பார்கள். 1980-களின் பிற்பகுதியில் கன்வல் குரோவர் என்பவர் பிரெஞ்சு ரகங்களை அந்த மண்ணில் பயிரிட்ட கதையைச் சொல்வார்கள். இதில் குடி எங்கே இருக்கிறது? இது ஒருவிதப் படிப்பு.

அப்படிச் சொல்லிக்கொண்டபோதே அதிலிருந்த ஓட்டை தெரிந்தது. அப்பா செய்ததற்குக் 'குடி' என்று பெயர். நாங்கள் செய்யப்போவதற்கு 'டேஸ்டிங்'. அவர் 'குடிகாரன்'. நாங்கள் 'ஒயின் பத்தி ஆர்வம் இருக்கறவங்க'. உள்ளே போகிற ஆல்கஹாலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இந்தப் பாகுபாடு புதுசும் இல்லை. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பக்கத்து ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் கப்பலேறி வந்த ஜாடிகள். யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றிக் கொடுக்கப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூறு பாடுகிறது. அதே புறநானூற்றில், இறந்துபோன அதியமானை நினைத்து அழும் ஔவைக்கு முதலில் ஞாபகம் வருவது அவன் கள்ளைப் பங்கிட்டுக் கொடுத்த விதம். இறக்குமதிச் சரக்கு பொற்கிண்ணத்தில் என்பது இரண்டாயிரம் வருஷமாகவே இருக்கிறது. ஆனால் அன்று கள்ளுக்கும் பாட்டில் மரியாதை இருந்தது. இன்று விக்கிரவாண்டி பக்கம் போனால் பனைமரங்களுக்குக் குறைவில்லை. அதிலிருந்து கள் இறக்குவது 1987 முதல் தமிழ்நாட்டில் குற்றம். எங்கோ விளைந்த திராட்சையில் செய்த ஒயினைக் கடையில் சட்டப்படி வாங்கலாம். பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1979-ல் எழுதிய புத்தகம் முழுக்கச் சொல்வது இதைத்தான்: ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு, நாம் யாரில்லை என்று காட்டிக்கொள்ளும் வழி. என் விஷயத்தில் அந்த 'யாரில்லை' என் அப்பா.

இதை யோசித்த அன்று டூரையே ரத்து செய்துவிடலாம் என்று தோன்றியது.

*

கணவர் வேறு மாதிரி வாதம் செய்தார். அவருடைய அப்பாவும் குடிப்பார், மாதத்துக்கு ஒருமுறை, சித்தப்பாக்களோடு, வீட்டு மாடியில். மறுநாள் சரியாக ஏழு மணிக்கு எழுந்து வேலைக்குப் போவார். "எங்கப்பா நல்லவரு, உங்கப்பா கெட்டவருன்னு இல்ல. எங்கப்பா மூட்டை தூக்கல. அவ்ளோதான்."

தத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: தார்மிக அதிர்ஷ்டம். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதைப் பற்றி எழுதினார்கள். நேகல் தரும் உதாரணம் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனைப் பற்றியது. ஒருவன் வண்டி நடைபாதையில் ஏறுகிறது, அங்கே யாருமில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். இன்னொருவன் வண்டி ஏறும் இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். இரண்டு பேரும் செய்த தப்பு ஒன்றுதான். ஆனால் ஒருவன் கொலைகாரன், இன்னொருவன் சாதாரண ஆள். நாம் மனிதர்களை எடைபோடுவதில் பாதி, அவர்கள் கையில் இல்லாத விஷயங்களை வைத்துத்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். 2019 வரை கள்ளக்குறிச்சியும் எங்கள் மாவட்டம்தான். செத்தவர்கள் அன்று சாயங்காலம் தேடியது என்ன? வேலை முடிந்த பிறகு கொஞ்சம் இளைப்பாறல். கல்யாண நாளுக்கு நாங்கள் தேடுவதும் அதுதான். அவர்களால் முடிந்த விலைக்கு விஷம் கிடைத்தது. எங்களால் முடிகிற விலைக்குக் கண்ணாடிக் கோப்பையும், விளக்கிச் சொல்ல ஒரு ஆளும் கிடைக்கும்.

இந்த வாதம் பல நாள் என்னைத் தாங்கியது. அப்பா மேல் இருந்த கோபத்தைக்கூடக் கொஞ்சம் குறைத்தது. ஆனால் ஒரு இடத்தில் இது எனக்குப் போதவில்லை. எல்லாம் அதிர்ஷ்டம் என்றால் அப்பாவும் பொறுப்பில்லை, நானும் பொறுப்பில்லை. எனக்கு நல்ல அதிர்ஷ்டம், ஆகவே நான் போகலாம் என்று ஆகிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, இந்தக் கணக்கில் அம்மா எங்குமே வரவில்லை. நேகலின் கதையில் வண்டி ஓட்டியவனும் நடைபாதையில் நின்றவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி வீட்டில் முழித்திருந்தவளைப் பற்றிப் பேச்சில்லை.

எங்கள் ஊரின் பெயர்பெற்ற ஜோடி ஒன்று உண்டு. தேசிங்கு ராஜாவும் ராணியும். 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சின்னப் படையோடு எதிர்த்துப் போய் 22 வயதில் செத்தான் தேசிங்கு. ராணி உடன்கட்டை ஏறினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அவள் ஞாபகம் என்பார்கள். கதைப்பாட்டு அவன் வீரத்தையும் குதிரையையும் பாடும். சின்ன வயதில் நானும் ரசித்துக் கேட்டிருக்கிறேன். இப்போது கல்யாண மஹால் பக்கம் போகும்போதெல்லாம் தோன்றுவது, அந்தப் போதைக்கு விலை கொடுத்தது யார் என்பதுதான். வீரமும் ஒரு போதை. ஏறியது ஒருவருக்கு, எரிந்தது இன்னொருவர்.

*

திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று பத்துக் குறள்கள் கொண்ட அதிகாரம் இருக்கிறது. ஸ்கூலில் மனப்பாடம் செய்தபோது எல்லாம் உபதேசமாகத்தான் பட்டது. இப்போது திரும்பப் படித்தால் ஒன்று மட்டும் நிற்கிறது. எதையும் பொறுத்துக்கொள்கிற தாய் முகத்துக்கு முன்னாலேயே குடித்துக் களிப்பது வேதனை தரும் என்றால், சான்றோர் முன் எப்படி இருக்கும் என்று கேட்கிறார் வள்ளுவர். உடல் கெடும், பணம் போகும் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஒரு விரல் அளவுதானே, செலவு ஷீட்டில் இருக்கிறதே என்று சொல்லிவிடுவேன். முகத்துக்குப் பதில் கிடையாது. அம்மாவிடம் 'திராட்சைத் தோட்டம்' என்று பாதியில் நிறுத்தியது ஏன் என்று அப்போது புரிந்தது. எந்த சந்தோஷத்தையும் எல்லோரிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் அம்மாவிடம் சொல்லாதது ஆயிரம் இருக்கும். ஆனால் அவள் முகத்துக்கு பயந்து ஒன்றை மறைக்கிறேன் என்றால், அவளுக்கு அதில் ஏதோ பாத்தியம் இருக்கிறது என்று நானே ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு ராத்திரி சொல்லிவிட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது வெறும் தோட்டம் இல்ல. ஒயின் செய்யற எடம். அங்க கொஞ்சம் குடிச்சுப் பாப்பாங்க. நாங்களும்."

கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "நீயுமா?"

"ம்."

"மாப்ளயும்?"

"ரெண்டு பேரும்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் தயாராக இருந்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது, பூர்தியூவும் நேகலும் இருந்தார்கள்.

"அப்ப அங்கேருந்து வண்டிய யாரு ஓட்டுவா?"

எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே போய் லேப்டாப்பில் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு டேஸ்டிங். நான்கு மணிக்கு நந்தி மலை. நடுவில் 'டிரைவ்' என்று ஒரு கட்டம். அதற்கு எதிரே யார் பெயரும் இல்லை. மலைப்பாதை. எனக்கும் ஓட்டத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் குடித்திருப்போம். அதை 'பாத்துக்கலாம்' என்று விட்டிருந்தோம். சொல்லப்போனால் விட்டிருக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் விட்டிருந்தோம்.

அப்பாவும் அப்படித்தான் கிளம்பியிருப்பார். எப்படித் திரும்புவது என்பது அவர் கணக்கிலேயே இருந்ததில்லை, ஏனென்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. பொற்கிண்ணமா பிளாஸ்டிக் டம்ளரா, திராட்சையா சாராயமா என்று நான் மாதக்கணக்கில் யோசித்தேன். அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குடி என்பது அவளுக்கு ஒருபோதும் ருசி சம்பந்தப்பட்டதாக இருந்ததில்லை. அது முடிந்த பிறகு மிச்சமிருப்பதை யார் சுமப்பது என்ற கேள்வியாகத்தான் இருந்தது. அதையேதான் என்னிடமும் கேட்டாள், கோபமில்லாமல், ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரி.

அவள் அனுமதி கொடுத்துவிட்டாள் என்று இதைப் படிக்கக் கூடாது. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியால் எல்லா நியாயமும் தீர்ந்துவிட்டது என்றும் நான் சொல்ல வரவில்லை. டிரைவர் வைத்துக்கொண்டால், துப்புகிற பாத்திரத்தில் துப்பினால், கள்ளக்குறிச்சிக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற தூரம் குறைந்துவிடாது. அந்தத் தூரத்தை நான் சம்பாதிக்கவில்லை. அப்பா தூக்கிய மூட்டைகளில்தான் நான் படித்தேன்.

ஆனால் என் சந்தோஷத்தின் மிச்சத்தை நானே சுமப்பது என் கையில் இருக்கிறது. அப்பாவுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டத்துக்கு நான் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது. எங்கள் ரோட்டோரப் புளியமரத்தடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிடக்கும் காலி பாட்டில்களைப் பார்க்கும்போதும் இதுதான் தோன்றும். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. திங்கட்கிழமை கூட்டுகிற அக்கா அவர்கள் ஷீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தார். "ச்சே, இத எப்புடி விட்டோம்?" என்றார். பிறகு டேஸ்டிங்கை நந்தி மலைக்குப் பின்னால் தள்ளினார். மலையைக் காலையிலேயே பார்த்துவிடுவது. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே அறை, நடந்து போகிற தூரத்தில். மறுநாள் காலை பத்து மணிக்கு முன்னால் கார் எடுப்பதில்லை. அறை வாடகை கூடியது. லால்பாக் அடிபட்டது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அம்மா கட்டுச்சோறு கட்டித் தருவதாகச் சொன்னாள். புளிசாதம், உருளைக்கிழங்கு. வேண்டாம்மா, வழியில் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்றேன். கேட்கவில்லை. விடிகாலை நாலு மணிக்கே எழுந்து தாளித்துக்கொண்டிருந்தாள். கார் ஷெட்டிலிருந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றாள்.

"போயிட்டு போன் பண்ணு," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "காலைல எழுந்திருச்சதும் ஒருக்கா பண்ணு."

ராத்திரி போனைவிடக் காலைப் போன்தான் அவளுக்கு முக்கியம். பண்ணினேன். ஏழு மணிக்கு. முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.