நாயின் உணவும் இல்லறத்தார் அறமும்

மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் வாழும் நம் குடும்பங்களில் இப்போது நாய் வளர்ப்போர் பலர். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கொண்டுவருகிறார்கள், பெற்றோர் இசைகிறார்கள், சில நாள்களில் வீட்டுப் பெரியவர்களிடம் கேள்வி வந்து சேர்கிறது: "இதற்கு என்ன சாப்பாடு போடுவது?" சமையலறைக் கேள்வி போலத் தோன்றினும், கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட வீட்டில் இது அறக்கேள்வியே ஆகும்.

இதற்கு நம்மவரிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. "புலால் உண்பது நாயின் இயல்பு. நாம் உண்ணவில்லை, தனிப் பாத்திரமும் தனி அடுப்பும் வைத்துவிட்டோம், வினை நம்மைச் சேராது" என்பது ஒன்று. "நம் வீட்டு நாயும் சமணமே, தயிர்சாதம் போதும்" என்பது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதே என் கருத்து. இரண்டாவதைப் பிழை என்பது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆகவே அதைப் பற்றியே மிகுதியாக எழுத வேண்டியிருக்கிறது.

முதல் விடைக்கு மறுமொழி மயிலையிலேயே உள்ளது. மயிலாப்பூரில் ஒருகாலத்தில் கோயில் கொண்டிருந்தவர் நேமிநாதர். அவிரோதியாழ்வார் திருநூற்றந்தாதி பாடியதும், குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் எனப் பெயரிட்டதும் அப்பெருமானைக் கருதியே. கடல்கோளுக்கு அஞ்சி அத்திருவுருவை மேல்சித்தாமூருக்குக் கொண்டுசென்றனர் என்பது நம் மரபு. அந்த நேமிநாதர் துறவு பூண்டது எதனால்? தம் மணவிழாவுக்கு வந்தோரின் விருந்துக்காக அடைத்துவைத்த விலங்குகளின் கதறலைக் கேட்டதனால். அவர் கொல்லப் போவதில்லை, உண்ணப் போவதுமில்லை, யாரோ கொன்று யாரோ உண்ணப் போகிறார்கள். ஆயினும் தம்பொருட்டு நிகழ்வதைத் தமதாகவே கொண்டு தேரைத் திருப்பினார். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினையை மூவகையாக எண்ணும் நாம், கோழிக்கடையில் காசு கொடுத்துவிட்டு "இது நாய்க்கு" என்று சொல்வதால் அந்த இரண்டாம் வகையிலிருந்து தப்ப இயலாது. காட்டுப் புலி மானை உண்பது வேறு. நாம் கட்டிவைத்த நாய்க்கு நாம் வாங்கி இடுவது வேறு.

இனி, தயிர்சாதம். ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் கொல்லாமை விரதத்துக்கு நேரும் ஐந்து பழுதுகளைக் கூறுகிறார். உறுப்பை அறுத்தல், கட்டுதல், துன்புறுத்துதல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல் ஆகியவற்றோடு ஐந்தாவதாக அவர் வைப்பது, உணவைத் தடுத்தல். தத்துவார்த்த சூத்திரமும் இதனையே சொல்கிறது. அந்த இரத்தினகரண்டகத்தின் வழியில் அமைந்ததே நாம் இளமையில் ஓதிய அருங்கலச்செப்பு. உணவே கொடாமல் பட்டினியிடுவது மட்டும்தான் தடுத்தலா? அந்த உடலுக்கு வேண்டிய சத்து இல்லாததை நாள்தோறும் இட்டு வயிற்றை நிரப்புவதும் தடுத்தலே என்று நான் கொள்கிறேன். தெருவில் திரியும் நாய் ஓரிடத்தில் கிடைக்காததை வேறிடத்தில் தேடிக்கொள்ளும். மூன்றாம் மாடியில் கதவுக்குள் இருக்கும் நாய்க்கு அவ்வழி இல்லை. அதன் கிண்ணத்தில் இல்லாதது அதற்கு உலகத்திலேயே இல்லாதது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரியும் 25 கிராம் அளவுக்குப் புரதமும் வேண்டும். 150 கிராம் அரிசியை வடித்து 100 கிராம் தயிர் பிசைந்தால் கலோரி ஏறக்குறைய நிரம்பிவிடும். புரதமோ 14 கிராமைத் தாண்டாது. நாய் வயிறார உண்டு வாலாட்டும், நாமும் மகிழ்வோம், அதன் தசை மெல்ல மெல்லக் குறையும். அரிசி 75 கிராம், பாசிப்பருப்பு 75 கிராம் எனச் சம எடையில் எடுத்துக் குழைய வேகவைத்து, அதே தயிரும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்த்தால் கலோரி மாறாது, புரதம் 25 கிராமை எட்டிவிடும். பரங்கிக்காய், சுரைக்காய், பீன்ஸ் இவற்றில் ஒன்றைச் சேர்க்கலாம். சோயாவும் பன்னீரும் இடையிடையே உதவும். மிளகாய், புளி, தாளிப்பு எதுவும் வேண்டா.

நம் வீட்டுச் சமையலுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவை நம் அடுப்பில் ஏறுவதே இல்லை. கிழங்குவகைகளை நீக்குவதாலும் நாய்க்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் திராட்சையும் உலர்ந்த திராட்சையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரைப் பொங்கலை அன்போடு ஊட்டும் தாத்தாக்கள் இதை மனத்தில் கொள்க. சாக்லேட்டும் நஞ்சே. கெட்டுப்போன பழையதை "நாய்க்குத்தானே" என்று போடுவதும் தகாது; நாம் உண்ணத் தகாதென விலக்கியதை நம்மை அண்டிய உயிருக்கு இடுவது தானம் ஆகாது. இரவுண்ணாமை நாய்க்கும் உண்டா என்று ஒரு சிறுமி கேட்டாள். நாய் விரதம் ஏற்கவில்லை. அடுப்பை மூட்டுவது நாம். ஆகவே ஞாயிறு மறையுமுன் அதற்கும் உணவிட்டுவிடுவது எல்லோருக்கும் எளிது.

புலால் இன்றி நாய் வாழுமா என்ற ஐயத்துக்கு அறிவியல் ஓரளவு விடை தருகிறது. மாப்பொருளைச் செரிக்கும் மரபணு ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பன்மடங்கு உள்ளது என 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்து மனிதன் சோற்றை உண்டு பழகிய உடல் அது. பூனை அப்படியன்று, டாரின் முதலிய சத்துகளை விலங்குணவிலிருந்தே பெறவேண்டிய உடல் அதற்கு. பூனை முதலியவற்றை வளர்ப்பதைப் பயனில்தண்டத்துள் வைத்த நம் ஆசிரியர்களை நான் வியக்கிறேன். சமண வீட்டில் பூனை வேண்டா என்றே சொல்வேன்.

நாய்க்கும் பருப்புச்சோறு மட்டும் முழு உணவு அன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து, அவற்றுள் 95 விழுக்காட்டில் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைவதை 2013இல் வெளியிட்டனர். நம் குறிப்பில் குறைவன சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், வைட்டமின் டி, பி12 ஆகியவை. நாயின் தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டியைப் போதிய அளவு உண்டாக்காது. ஆகவே கால்நடை மருத்துவரிடம் நாம் சமைப்பதை அளவோடு எழுதிக் காட்டி, எந்த மாத்திரை எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை இரத்தமும் இதயமும் பார்க்க வேண்டும். வகுப்பு முழுமைக்கும் ஒரே பாடத்தை ஒப்பிக்கும் ஆசிரியரைப் பயிற்சிக் கல்லூரியில் மதிக்கமாட்டார்கள். ஒவ்வொரு குழந்தையையும் அறிந்தபின் கற்பி என்பார்கள். நாய்க்கும் எடை, வயது, நோய் என்பன வேறுவேறு.

ஒரு கடினமான நிலை உண்டு. நோயுற்ற நாய்க்கு ஊன் தேவை என்று மருத்துவர் சொன்னால்? சோயாவைக்கொண்டு செய்த மருத்துவ உணவுகள் உள்ளன. முதலில் அவற்றைக் கேட்க வேண்டும். எதுவும் பயன்படவில்லை என்றால், வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது வினையை இடம் மாற்றுவதே தவிர நீக்குவது அன்று. அந்தக் குடும்பம் நாயைக் கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஊனிட்டுவிட்டுப் "பாவமில்லை" என்று வாதிடுவதையும் ஏற்கமாட்டேன். வினையை வினையென்று அறிந்து கழுவாய் தேடட்டும்.

இவ்வளவு எதற்கு, அது நாய்தானே என்போர் சீவகசிந்தாமணியை நினைக்கலாம். அந்தணர் உணவில் வாய்வைத்ததற்காக அடியுண்டு உயிர் ஊசலாடிய நாய்க்குச் சீவகன் ஐம்பத மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாகிப் பின் அவனுக்கே துணை நின்றது. அறத்தால் நாயும் தேவனாகும் என்று சமந்தபத்திரரும் சொல்கிறார். ஆனால் மந்திரம் இறக்கும் நாய்க்கு. வாழும் நாய்க்கு வேண்டியது சோறு.

வளர்க்க எண்ணுவோர் குட்டியை விலைக்கு வாங்குவதைவிட, வளர்ந்த நாட்டு நாயை ஏற்பது நமக்குப் பொருந்தும். வளரும் குட்டிக்கும் சினையுற்ற நாய்க்கும் புலாலற்ற வீட்டுணவில் சத்தைச் சரிசெய்வது மிகக் கடினம். வளர்ந்த நாய்க்கு அத்துணை இடர்ப்பாடு இல்லை. கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கம், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடைத் திட்டத்தை 1964இலேயே முன்வைத்தது; சென்னை மாநகராட்சி 1996இல் அதனை ஏற்றது. வேளச்சேரி சாலையில் உள்ள அதன் காப்பகத்தில் வீடு தேடும் நாய்கள் உண்டு. வளர்க்க இயலாதோர் தெருநாய்க்கு உணவிடலாம். ஆயினும் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின்படி, அதற்கென ஒதுக்கிய இடங்களில்தான் இடவேண்டும். உங்கள் பகுதியில் அவ்விடம் எது என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கு எடுத்துச் செல்லும் சோற்றிலும் பருப்பு அரிசிக்குச் சமமாக இருக்கட்டும்.