பெயரில் மட்டும் வாழும் ஆமை

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துள்ள பழவங்காடியில் நிற்பவர் காதில் ஓயாமல் விழுவது தேங்காய் உடைபடும் ஓசை. பழவங்காடி கணபதியை நேர்ந்துகொண்டவர்கள் தங்கள் காரியம் கைகூடியதும் வந்து சிதறுகாய் போடுகிறார்கள். திருவிதாங்கூர்ப் படையினர் வழிபட்டு வந்த இந்த மூர்த்தியின் கோயிலை இன்று இந்திய ராணுவம் பராமரித்து வருகிறது. தடைகளை நீக்குபவரின் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டு வெளியே வருகின்ற அன்பர்களில் பெரும்பாலோர், சற்றுத் தொலைவில் தகரப்பறம்புப் பக்கமாக ஓடும் ஒரு நீரோடையைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து கடந்துவிடுவர்.

அந்த ஓடையின் பெயர் ஆமையிழஞ்சான் தோடு. மலையாளத்தில் தோடு என்றால் சிற்றோடை. இழைதல் என்றால் ஊர்தல். ஆமைகள் ஊர்ந்து திரிந்த ஓடை என்பது பெயரின் பொருள். தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் புகுந்து, பழவங்காடியின் புறத்தே வெளிப்பட்டு, கண்ணம்மூலை வழியாகச் சென்று ஆக்குளம் காயலில் கலக்கிறது. சட்டம்பி சுவாமிகள் 1853ஆம் ஆண்டு அவதரித்த ஊர் கண்ணம்மூலை. ஜீவகாருண்யத்தைப் பற்றித் தனியே ஒரு நூல் இயற்றிய அந்த மகான் பிறந்த ஊரின் வழியாக இன்று இந்த நீர் எவ்வாறு ஓடுகிறது என்பதை எண்ணினால் மனம் கூசுகிறது.

சாலைத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரிடம், இந்தத் தோட்டில் ஆமையைக் கண்டதுண்டா என்று கேட்டேன். அறுபது வயது கடந்தவர். பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். “ஆமையா? அது பேருலதான் சார் இருக்கு” என்றார். அவர் குரலில் வருத்தம் ஏதும் இல்லை. காணாத ஒன்றுக்காக எவர்தான் வருந்துவார்?

இந்தக் கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி இதுவே. தான் ஒருபோதும் கண்டிராத ஓர் உயிரின் மறைவுக்கு ஒருவன் பொறுப்பாவானா? நினைவில் இல்லாத இழப்பு இழப்பாகுமா?

திருவனந்தபுரத்தின் பழைய பெயர்களைச் சற்று நின்று கேட்டால், அவை ஒரு பதிவேட்டைப் போல் பேசுவதை உணரலாம். அனந்தபத்மநாபன் எழுந்தருளிய இடம் அனந்தன்காடு என்பது ஐதிகம். அதாவது, இந்த நகரம் தன் தொடக்கத்தை ஒரு காடாகவே நினைவில் வைத்திருக்கிறது. கோயிலின் கிழக்கே உள்ள குளம் பத்ம தீர்த்தம், தாமரைக் குளம். இன்று பொதுக்கூட்டங்கள் நடைபெறும் மைதானம் புத்தரிக்கண்டம். பத்மநாப சுவாமிக்குப் புத்தரிசி விளைவித்த வயல் அது. 1931இல் திறக்கப்பட்ட ரயில் நிலையம் அமைந்திருக்கும் தம்பானூர்த் தாழ்நிலமும் ஒரு காலத்தில் வயலும் ஈரநிலமும்தான். மழைக்காலத்தில் தம்பானூர் மூழ்கும்போது, ரயில் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்று செய்தி வருகிறது. தண்ணீர் தன் பழைய வீட்டுக்கு வந்தது என்று எவரும் சொல்வதில்லை.

காடும் தாமரையும் வயலும் ஆமையும் ஆகிய இந்நான்கும் ஒன்றோடொன்று பின்னிய வாழ்வு. வயலில் தேங்கும் நீரே ஓடைக்கு ஊற்று. ஓடையின் சேற்றுக்கரையே ஆமை முட்டையிடும் இடம். கேரளத்தின் வயல்களிலும் குளங்களிலும் வாழும் காராமையும் பாலாமையும் நீரில் அழுகுவனவற்றைத் தின்று நீரைத் தூய்மையாக வைக்கும் தோட்டிகள். 1970களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிரிடப்பட்டது. இன்று அது சுமார் 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. எஞ்சியதைக் காக்க 2008ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வயல் சுருங்கிய கணக்கு அரசு ஏடுகளில் உள்ளது. அதனோடு சுருங்கிய ஆமைகளின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995ஆம் ஆண்டு ஒரே பக்க அளவில் எழுதிய கட்டுரை ஒன்று சூழலியல் உலகில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும், தாம் பணியைத் தொடங்கிய காலத்தில் கடலில் எவ்வளவு மீன் இருந்ததோ அதையே இயல்பான நிலை என்று கொள்கின்றனர். அவர் காலத்தில் மேலும் குறைகிறது. அடுத்த தலைமுறை அந்தக் குறைந்த நிலையையே இயல்பு என்று கொள்கிறது. அளவுகோல் தானும் நகர்ந்துகொண்டே இருப்பதால் தேய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. கடலைப் பற்றிச் சொல்லப்பட்ட இது சாலைத் தெருக் கடைக்காரருக்கும் எனக்கும் பொருந்துகிறது.

இந்த மறதியை உடைக்க ஒரே வழி, முன்னோர் ஒருவர் எண்ணி எழுதி வைத்திருப்பதுதான். நம் நல்லூழாக அத்தகைய ஒரு பணி இங்கே நடந்திருக்கிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1933ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் ஊர் ஊராக முகாமிட்டுப் பறவைகளைப் பதிவு செய்தார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2009இல், கேரளப் பறவை ஆய்வாளர்கள் அவர் சென்ற தடத்திலேயே சென்று மீண்டும் எண்ணினர். பின்னர் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பிரித்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைச் சேர்த்தனர். ஊதியமின்றி, விடியலில் எழுந்து, பிறர் பார்க்காத ஒன்றைப் பார்த்து உள்ளபடி எழுதுவது என்பது என் கருத்தில் ஒரு தவமே.

இந்தப் பதிவுகளால் விளங்கிய ஒரு செய்தி நம்மைப் போன்ற பக்தி மனம் உடையவர்களைச் சற்றே சங்கடப்படுத்தக் கூடியது. 1933ஆம் ஆண்டுப் பயணத்தில் சாலிம் அலி இங்கே ஒரு மயிலைக்கூடப் பதிவு செய்யவில்லை. இன்றோ கேரளத்தின் பல ஊர்களில் வீட்டு மதில்மேல் மயில் வந்து அமர்கிறது. முருகப்பெருமானின் வாகனம் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு கைகூப்பாதவர் யார்? ஆனால் மயில் வறண்ட நிலத்தை விரும்பும் பறவை. கேரளத்தின் ஈரம் குறைந்து வறட்சி பரவி வருவதன் அடையாளமாக அதன் பெருக்கத்தைக் கருதலாம் என்று கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எடுத்துக்காட்டினர். மயிலின் மீது குற்றமில்லை. அதைக் கண்டு மகிழ்வதும் தவறன்று. பழைய ஏடு ஒன்று இல்லாதிருந்தால், எச்சரிக்கையை வரமென்று எண்ணியே இருந்திருப்போம். இவ்வாறே, வளர்ப்புக்காக வாங்கிப் பின் கைவிடப்பட்ட அமெரிக்கச் செங்காது ஆமைகள் கேரள நீர்நிலைகள் சிலவற்றில் காணப்படுகின்றன. உள்ளூர் ஆமைகளை நெருக்கித் தள்ளக்கூடியவை அவை. அவற்றைக் கண்டு, ஆமைகள் திரும்பிவிட்டன என்று மகிழ்பவரும் இருக்கக்கூடும்.

சிலர் மறுத்துரைப்பர். மாற்றமே இயற்கையின் நியதி அல்லவா? அனந்தன்காட்டை வெட்டித்தானே நகரம் எழுந்தது? எந்த ஆண்டின் நிலையை நீங்கள் புனிதம் என்று கொள்வீர்கள்? இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதம் அன்று. காட்டுக்குத் திரும்புவோம் என்று எவரும் கூறவில்லை. ஆமைக்காக ரயில் நிலையத்தை இடிக்கவும் முடியாது. ஆயினும் கொடுத்த விலையை அறிந்து ஒன்றைப் பெறுவதற்கும், விலை கொடுத்ததையே அறியாமல் பெறுவதற்கும் இடையே அறத்தின் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு. முன்னவன் கடனாளி என்பதை உணர்ந்தவன். பின்னவனுக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற எண்ணமே எழாது.

அறியாமல் செய்த தீங்குக்குப் பொறுப்புண்டா என்பதை நம் தர்ம நூல்கள் நன்றாகவே சிந்தித்திருக்கின்றன. இல்லறத்தான் வீட்டில் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்து இடங்களில் அவன் எண்ணாமலே சிற்றுயிர்கள் மடிகின்றன. அதற்குக் கழுவாயாகவே ஐந்து மகா யக்ஞங்கள் விதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பிற உயிர்களுக்கு உணவிடும் பூத யக்ஞம். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாததால் பாவமில்லை என்று நூல்கள் விட்டுவிடவில்லை. வாழ்வதே பிற உயிரின்மேல் படர்கிறது, ஆகவே வாழ்பவன் ஒவ்வொரு நாளும் கடன் தீர்க்க வேண்டும் என்றன. அக்காலத்தில் துடைப்பத்தின் வீச்சு முற்றத்தோடு நின்றது. அதன் கீழ் மடிந்த எறும்பைக் குனிந்தால் காணலாம். இன்று நம் வீட்டுத் துடைப்பம் பெருக்கித் தள்ளுவது நெகிழிப் பையில் கட்டப்பட்டு, தோட்டில் விழுந்து, ஆக்குளம் காயல் வரை செல்கிறது. அந்த வீச்சின் முடிவில் எது மடிகிறது என்பதைக் காண நம் கண் போதாது. அதைக் காட்டும் கண்ணாகவே சூழலியல் ஆய்வை நான் கருதுகிறேன்.

அந்த வீச்சில் மடிவது ஆமை மட்டுமன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் பகுதியில் அடைத்துக் கிடந்த குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரை, பெருமழையில் பெருகிய நீர் அடித்துச் சென்றது. முக்குளிப்போர் மலைபோல் குவிந்த கழிவுக்குள் நுழைந்து தேடினர். மூன்றாம் நாள், பழவங்காடியை ஒட்டிய தகரப்பறம்பில் அவர் உடல் கிடைத்தது. குப்பையில் ஒரு பையை வீசியவர் எவரும் அவரைக் கொல்ல நினைத்தவரல்லர். ஒவ்வொருவர் பங்கும் மிகச் சிறியது. நீதிமன்றத்தில் எவர் பெயரையும் சுட்ட இயலாத இந்தப் பொறுப்பைத்தான், அடுப்பையும் துடைப்பத்தையும் பேசிய பழைய சிந்தனை நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வைக்கிறது.

2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் இந்நகரின் கால்வாய் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. தூர்வாருதலும் அவ்வப்போது நடைபெறுகிறது. இவை நல்ல பணிகளே. ஆனால் ஆமையை மறந்தவர்கள் தோட்டைச் செப்பனிட்டால் அது சிறந்த சாக்கடையாகும், ஓடையாகாது. இருபுறமும் செங்குத்தாக எழுப்பப்படும் கான்கிரீட் சுவரில் ஆமையால் ஏற முடியாது. முட்டையிட ஒரு முழம் மண்சரிவு அதற்கு வேண்டும். எந்த வரைபடத்தில் அந்தச் சரிவு இடம்பெறும் என்பது, வரைபவர் இதை எதன் வீடு என்று நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைப் பேண வேண்டும். கேரளம் இதில் முன்னணியில் நின்ற மாநிலம். ஊர் முதியோர் அறிந்த செடி, மீன், பறவை, பழக்கம் எல்லாம் அதில் எழுதப்படலாம். இதை அந்தக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் யோசித்தார். பின், “எங்க அப்பா ஒண்ணு சொல்லுவார் சார். மழைக்காலத்துல ராத்திரி கடை அடைக்கிறப்போ, படியில ஆமை வந்து கிடக்குமாம். கூடையில எடுத்துப் போய்த் தோட்டுல விட்டுட்டு வருவாராம்” என்றார்.

இதை எங்கேனும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

“இதை யார் சார் எழுதப் போறா?” என்று சிரித்துவிட்டு, வாடிக்கையாளருக்கு மிளகு நிறுக்கத் தொடங்கினார்.