கொள்வதற்கு முன் அறிதல்

பிறர் கொடாத பொருளைக் கொள்ளலாகாது என்பது சமணமும் பௌத்தமும் யோக சாஸ்திரமும் ஒருமுகமாக விதித்த விரதம். நிலத்தின்மேல் இதைக் கடைப்பிடிப்பது கடினமாயினும் புரிந்துகொள்வது எளிது. அங்கே வயலுக்கு வரப்பும், வீட்டுக்குச் சுவரும், பொருளுக்கு உடையவனும் உண்டு. ஆனால் எந்த ராஜ்யத்தின் ஆணையும் செல்லாத நடுக்கடலில், நீருக்கடியில் சஞ்சரிக்கும் மீனைக் கொடுப்பவர் யார்? கொடுப்பவர் எவரும் இல்லாத இடத்தில் எடுப்பது களவாகுமா, ஆகாதா? 1609ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து அறிஞர் ஹ்யூகோ கிரோஷியஸ், கடல் எவருக்கும் உடைமையன்று, ஆகவே யாவருக்கும் திறந்தது என்று வாதித்தபோது, அந்த வாதத்துக்கு முட்டுக்கொடுத்து நின்ற நம்பிக்கைகளுள் ஒன்று, கடலின் செல்வம் எடுக்க எடுக்கக் குறையாது என்பது.

அந்த நம்பிக்கை நீண்ட ஆயுள் படைத்தது. 1883ல் லண்டனில் நடந்த சர்வதேச மீன்பிடிப்புக் கண்காட்சியில், அக்காலத்து மகா விஞ்ஞானிகளுள் ஒருவரான தாமஸ் ஹக்ஸ்லி, காட், ஹெர்ரிங் முதலிய பெரும் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை என்றே பேசினார். தம் காலத்து மீன்பிடி முறைகளைக் கருதியே அவ்வாறு சொல்வதாக அவர் இட்ட நிபந்தனையைப் பின்வந்தவர்கள் மறந்துவிட்டு, வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகள் கழிவதற்குள்ளாகவே, 1902ல், வட ஐரோப்பாவின் எட்டு நாடுகள் கோபன்ஹேகனில் கூடிக் கடல் ஆராய்ச்சிக்கான சர்வதேசக் கவுன்சிலை நிறுவின. மீனானது ஒரு நாட்டின் கரையில் முட்டையிட்டு, இன்னொரு நாட்டின் கடலில் வளர்ந்து, மூன்றாவது நாட்டின் வலையில் அகப்படுவதாகையால், தனித்து ஆராயும் நாடு எதுவும் முழு உண்மையைக் காண இயலாது என்ற தெளிவு அவர்களுக்குப் பிறந்திருந்தது. நார்வேயின் யோஹான் ஹியோர்ட், மரத்தின் வளையங்களைப் போல ஹெர்ரிங் மீனின் செதிலில் பதிந்திருக்கும் ஆண்டுக் கோடுகளை எண்ணி, 1904ல் பிறந்த ஒரே தலைமுறை அதன்பின் பல ஆண்டுகள் மீனவர்களின் வலைகளை நிரப்பி வந்ததைக் காட்டினார். முதல் உலக யுத்தத்தில் வடகடலின் மீன்பிடிப்பு பெரும்பாலும் நின்றுபோய், யுத்தம் ஓய்ந்தபின் வலையில் ஏறிய மீன் முன்னைவிடப் பெரிதாகவும் மிகுதியாகவும் இருந்தபோது, எடுப்பதால் குறையும், விட்டால் பெருகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அப்படியிருந்தும் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவையொட்டிய காட் அழிந்தது. 1968ல் ஏறத்தாழ எட்டு லட்சம் டன் பிடிக்கப்பட்ட அந்த வடபுலத்துக் காட் மீனுக்கு 1992 ஜூலையில் கனடா அரசாங்கம் தடை விதித்தது. ஏறத்தாழ 30,000 பேர் ஜீவனோபாயத்தை இழந்தார்கள். இரண்டாண்டு என்று அறிவித்த தடை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டது. இதைப் பேராசையின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது எனக்கு உடன்பாடன்று. இதில் அறிவைப் பெறும் வழியாகிய பிரமாணத்தின் பிழையும் இருக்கிறது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதற்கு, புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு என்னும் வியாப்தி பழுதற்றிருக்க வேண்டும் என்று நியாய சாஸ்திரத்தாராகிய நம் நையாயிகர்கள் வற்புறுத்துவார்கள். வியாப்தி பழுதுபட்டால் அது ஹேதுவைப் போலத் தோற்றமளிக்கும் போலி ஹேது, அதாவது ஹேத்வாபாசம். கனடாவின் அதிகாரபூர்வக் கணக்கில் இழுவைக் கப்பல்களின் பிடிப்பு வீதத்துக்கு அளவுக்கு மிஞ்சிய இடம் தரப்பட்டிருந்தது. வலை நிறைகிறது, ஆகையால் கடலும் நிறைந்திருக்கிறது என்று அனுமானிக்கப்பட்டது. ஆனால் மீன் அருகும்போது எஞ்சியது ஓரிடத்தில் திரள்கிறது. நவீனக் கருவிகள் கொண்ட கப்பல் அந்தத் திரளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. கடைசி மீன் வரை வலை நிறைந்தே வரும். மீன் சிறுத்துவிட்டது, கரைக்கு வருவது குறைந்துவிட்டது என்று 1980களில் கரையோரத்துச் சிறு மீனவர்கள் முறையிட்டதோ, நம்பத்தக்கவரின் சொல்லாகிய ஆப்த வாக்கியமாக ஏற்கப்படாமல், படிப்பறியாதவர்களின் புலம்பலாகத் தள்ளப்பட்டது. அறிவைப் பல வாயில்களின் வழியே பெற வேண்டும் என்பதும், ஒரு வாயிலை மற்றொன்றால் சோதிக்க வேண்டும் என்பதும் தத்துவ நூலோடு நிற்கும் விஷயமன்று. அதைப் புறக்கணித்ததால் ஒரு தீவின் ஜனங்கள் வேலையற்றுத் தெருவில் நின்றார்கள்.

நாடுகள் ஒன்றுகூடி ஆராய்ச்சியின் முன்னுரிமைகளை வகுக்கும்போது, எக்கேள்வி முதலில், எக்கேள்வி பின்னால் என்று வரிசைப்படுத்தும் அக்கணமே அவை ஒரு தர்ம நிர்ணயத்தையும் செய்துவிடுகின்றன என்று நான் நம்புகிறேன். எவ்வளவு எடுக்கலாம் என்பதை முதற்கேள்வியாக வைப்பவன், கடலைத் தன் களஞ்சியமாக முன்னமே தீர்மானித்துவிட்டவன். எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று தொடங்குபவனுக்கு, தனக்கு முன்பே பந்தியில் அமர்ந்திருக்கும் ஜீவராசிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. 1980ல் கான்பெராவில் கையெழுத்தாகிய அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கை இரண்டாவது வழியை மேற்கொண்டது. இறாலைப் போன்ற சிறிய கிரில் அங்கே திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் பெங்குவினுக்கும் அன்னம். அதை உண்போரைக் கருதாமல் கிரிலை மட்டும் பார்க்கும் கணக்கு, பிடிப்பே இல்லாத காலத்தில் இருக்கக்கூடிய பெருக்கத்தில் 50 சதவீதம் எஞ்சினால் போதும் என்கிறது. உண்போரை முற்றிலும் காப்பதானால் 100 சதவீதமும் எஞ்ச வேண்டும். இரண்டுக்கும் நடுவாக 75 சதவீதம் எஞ்சும்படி பிடிப்பின் அளவை வகுத்தார்கள். அந்த எழுபத்தைந்து எந்தச் சோதனைச்சாலையிலும் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பெங்குவினுக்கும் பங்குண்டு என்று மனிதர் சிலர் ஒப்புக்கொண்டதன் விளைவு அது. பூத யக்ஞம் என்று நம் முன்னோர் பிற உயிர்களுக்கு உணவளிப்பதைத் தினசரிக் கடமைகளுள் ஒன்றாக வைத்ததன் கருத்துக்கு இவ்வளவு சமீபமாக வரும் இன்னோர் அரசியல் ஏற்பாட்டை நான் அறியேன்.

இதனினும் ஒருபடி மேலே சென்றது வடதுருவத்து உடன்படிக்கை. மத்திய ஆர்க்டிக் சமுத்திரத்தில் எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத 28 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, பனிக்கட்டி மூடியிருந்தவரை மனிதனுக்கு எட்டாததாக இருந்து, இப்போது கோடைதோறும் உருகித் திறந்துவருகிறது. 1980களில் பேரிங் கடலின் நடுவே இருந்த பொதுக்கடலில் பொல்லாக் மீனைப் பல நாட்டுக் கப்பல்கள் சில ஆண்டுகளிலேயே துடைத்தெடுத்த கதையை அறிந்தவர்கள், இங்கேயும் அது நேருமோ என்று அஞ்சினார்கள். 2012ல் 2,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் ஒப்பமிட்டு வேண்டுகோள் விடுத்தார்கள். 2018 அக்டோபரில் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில், அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் ஜப்பானும் உள்ளிட்ட ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கையொப்பமிட்டு, அங்கே என்ன வாழ்கிறது என்பதைக் கூட்டாக ஆராய்ந்து அறியும்வரை வணிக மீன்பிடிப்பைத் தொடங்குவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டன. துருவப் பிரதேசத்துப் பூர்வகுடிகளின் அறிவையும் அந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உடன்படிக்கை விதிக்கிறது. நியூபவுண்ட்லாந்தில் தள்ளப்பட்ட ஆப்த வாக்கியத்துக்கு இங்கே ஆசனம் கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டில் புறப்பட்டுப் பனிக்கட்டியில் உறைந்து மிதந்துசென்ற போலார்ஸ்டெர்ன் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து பார்த்தபோது, எவரும் எதிர்பாராத வகையில் அட்லாண்டிக் காட் மீன் அந்த நடுச் சமுத்திரத்திலும் தென்பட்டது. ஆனால் மொத்தத்தில் மீன் மிக அரிது. வற்றாத பொக்கிஷம் என்று நம்பி வலை வீசியிருந்தால், அது இல்லை என்பதை அறியும் முன்பே இருந்த சொற்பமும் போயிருக்கும்.

மீனே பிடிக்காத இடத்தில் மீன் பிடிப்பதில்லை என்று விரதம் பூணுவது சுலபந்தானே என்று சிலர் கேட்கலாம். சுலபந்தான். பசித்த மீனவனின் முன்னே இந்த விரதத்தை அப்படியே வைப்பது கொடுமையாகவும் முடியும். அவனுக்கு நாளை வரை காத்திருக்க வகையில்லை. பெருவில் பிடித்த நெத்திலியைப் பொடியாக்கி வேறு தேசங்களில் வளர்ப்பு மீனுக்கு இரையாக்குபவர்களுக்கோ அந்தச் சமாதானம் பொருந்தாது. ஆசை முளைவிட்டபின் கட்டுப்பாடு பேசிய இடங்கள் பலவற்றில் நாடுகள் தோற்றிருக்கையில், ஆசை முளைக்கும் முன்பே கட்டுப்பட்டதை எளிதென்று இகழ எனக்கு மனம் வரவில்லை.

கட்டுப்படுவதற்கு வேண்டிய கூட்டறிவுக்கும் இடையூறு வருகிறது. 1902ல் நிறுவிய அந்தக் கடல் ஆராய்ச்சிக் கவுன்சில் 2022ல், உக்ரைன் யுத்தம் மூண்டபின், ரஷ்யாவின் பங்கேற்பை நிறுத்திவைத்தது. ஆயினும் பேரண்ட்ஸ் கடலின் காட் மீனை நார்வேயும் ரஷ்யாவும் தங்களுக்குள் தொடர்ந்து கணக்கிட்டு வருகின்றன. அரசுகள் பகைத்துக்கொண்ட காலத்திலும் உண்மையைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் இந்த நெறி அறுந்துபோகாமல் காக்கப்பட வேண்டும். 2021 ஜூன் மாதத்தில் அமலுக்கு வந்த ஆர்க்டிக் உடன்படிக்கையின் முதல் தவணை பதினாறு ஆண்டுகள். 2037ல் அது முடியும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீடிக்கலாம். ஆனால் கையொப்பமிட்ட பத்துத் தரப்பினருள் ஒருவர் முறைப்படி ஆட்சேபித்தாலும் நீடிப்பு இல்லை.