பகடை விழுந்த பின்

விளையாட்டு எதுவாயினும் அதற்கு விதியுண்டு. அவ்விதியை வீட்டுக்கு வீடு சற்றே மாற்றி ஆடுவதும் உலக வழக்கு. கரம் பலகையில் சிவப்புக் காய்க்கு எத்தனை புள்ளி, குழியில் விழுந்த ஸ்ரைக்கருக்கு என்ன தண்டம் என்பவற்றை ஒவ்வொரு வீடும் தனக்கெனத் தீர்மானித்துக் கொள்கிறது. இதிற் குற்றமில்லை. ஆயின், விதியை எப்பொழுது மாற்றுகிறோம், எவர் நன்மைக்காக மாற்றுகிறோம் என்னும் வினாக்கள் எழும்போது விளையாட்டு அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

போரை மேசைமீது நடத்திப் பார்க்கும் ஆட்டங்களில் இவ்வினாக்கள் கூர்மை பெறுகின்றன. இன்று நாம் ஆடும் சதுரங்கத்திலே தற்செயலுக்கு இடமில்லை. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போராட்ட விதிகளோ பகடைக்கும் நடுவருக்கும் இடமளித்தன. 1876இல் வெர்டி டு வெர்னுவா, பகடையினும் அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பே மேலானது என வாதிட்டார். பகடைக்குப் பக்கச் சார்பில்லை; ஆனால் அறிவுமில்லை. நடுவருக்கு அறிவுண்டு, ஆனால் விருப்பு வெறுப்புமுண்டு. இவ்விரண்டுள் எதனை நம்புவது?

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது வெறும் ஏட்டு விவாதமன்று. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி காலை, நகுமோவின் தலைமையில் வந்த ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. முதல்நாளிரவு துறைமுகத்தைவிட்டு நீங்கியிருந்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந் தாங்கி, தன் விமானங்கள் உடனில்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் கொழும்பிலிருந்து சென்ற ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள், நகுமோவின் கொடிக்கப்பலான அக்காகியை அணுகின. அவற்றின் வருகையை அக்கப்பல் எதிர்பார்த்திருக்கவில்லை. எனினும் ஒரு குண்டுகூடக் கப்பலிற் படவில்லை.

அடுத்த மாதம், யமாட்டோ என்னும் போர்க்கப்பலில், மிட்வேத் தீவைத் தாக்குவதற்கான மேசை ஒத்திகை நடந்தது. நகுமோவின் விமானங்கள் தீவைத் தாக்கச் சென்றிருந்த வேளை, அத்தீவின் விமானங்கள் அவருடைய கப்பல்களைத் தாக்குவதாக ஆட்டம் திரும்பிற்று. நடுவர் ஒக்குமியா பகடையை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன. அக்காகியும் காகாவும் மூழ்கியதாகத் தீர்ப்பாயிற்று. உடனே தலைமை நடுவர் உகாக்கி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார், அக்காகி தப்பியது. மூழ்கிய காகாவும் ஆட்டத்தின் பிற்கட்டத்தில் மீண்டும் பங்குகொண்டது. போரின் பின் புச்சிடாவுடன் இணைந்து எழுதிய நூலில் ஒக்குமியா இதனைப் பதிவு செய்துள்ளார்.

உகாக்கியை எள்ளி நகையாடுதல் எளிது, நீதியாகாது. தரையிலிருந்து வரும் விமானங்கள் ஓடும் கப்பலில் ஒன்பது குண்டுகளைப் படச் செய்தல் அரிது என்பதற்கு ஏப்ரல் 9ஆந் திகதியே சான்று. 1942 யூன் 4ஆந் திகதி நடந்த உண்மைப் போரிலும் மிட்வேத் தீவின் விமானங்கள் நகுமோவின் தாங்கிகளில் ஒரு குண்டையேனும் படச் செய்யவில்லை. ஆகவே எண்ணளவில் அவருடைய திருத்தம் பொருத்தமானதே.

அவ்வாறாயின் பிழை எங்குளது? முதலாவது, திருத்தம் பகடை விழுந்த பின் வந்தது. கணிப்பு அட்டவணை தவறெனின், அதனை அடுத்த உருட்டலுக்கு முன், இரு தரப்புக்கும் பொதுவாக மாற்றியிருக்க வேண்டும். இரண்டாவது, உகாக்கி நடுவர் மட்டுமல்லர். தாக்குதலை நடத்தவிருந்த கடற்படையின் தலைமை அலுவலர்களுள் ஒருவருமாவார். தன் வழக்கைத் தானே தீர்ப்பவர், நேர்மையாளராயினும், தமக்கு உவப்பான சான்றையே முதலிற் காண்பார். குண்டு படவில்லை என்பது திருகோணமலைக் கடல் காட்டிய ஓர் உண்மை. எதிர்பாராத வகையிற் பகைவர் தலைக்குமேல் வந்தனர் என்பது அதே கடல் காட்டிய மற்றோர் உண்மை. முன்னது எடுத்துக்கொள்ளப்பட்டது, பின்னது மறக்கப்பட்டது.

மூன்றாவதே தலையாயது. பகடை, இது நிகழும் என்று கூறவில்லை. இது நிகழ்ந்தால் நீர் யாது செய்வீர் என்று வினவியது. விடையளிக்க வேண்டிய இடத்தில் வினாவே அழிக்கப்பட்டது. காகாவை மீட்டெடுத்தமைக்கு எந்த எண் கணக்கும் துணை நில்லாது. உண்மைப் போரில், பகைத் தாங்கிகளிலிருந்து வந்த பாய்குண்டு விமானங்களால் அக்காகியும் காகாவும் அவற்றோடு வேறு இரண்டும் அழிந்தன. யப்பானியர் 3,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மேசையிலே திருத்தியவருக்கு அத்திருத்தத்தால் இழப்பெதுவுமில்லை. இழந்தோர் மேசையருகே அமர்த்தப்படாத மாலுமிகள்.

எனவே விதியை மாற்றுதல் தன்னளவில் தீதன்று. ஆட்டம் தொடங்குமுன், இரு தரப்பும் அறிய, இரு தரப்புக்கும் ஒப்ப மாற்றுதல் அறிவுடைமை. விழுந்த பகடையைப் பார்த்த பின், தமக்கு வேண்டியவாறு மாற்றுதல் தம்மைத் தாமே ஏமாற்றுதல். விளையாட்டிலே அதன் விலை ஒரு காய். திட்டமிடுவோரின் மேசையிலே அதன் விலையை, அந்த மேசையைக் கண்டிராத மனிதர் செலுத்த நேரிடும்.