சிரிக்கப்படுபவன் யார்?

விடலைப் பருவத்தினர் விரும்பிப் படிக்கும் நகைச்சுவைக் கதைகளைப் பற்றிப் பெரியோர் இருவகையாகப் பேசுவர். பொழுதைக் கொல்லும் வீண் வேலை என்பர் ஒரு சாரார். எதையேனும் படிக்கட்டும், படிக்கும் பழக்கமாவது வரட்டும் என்பர் மறு சாரார். இரு கூற்றுகளும் சிரிப்பை அறத்திற்குத் தொடர்பில்லாத ஒன்றாகவே எண்ணுகின்றன. நாம் கேட்க வேண்டியது வேறு: அக்கதையில் சிரிக்கப்படுபவன் யார்?

இக்கேள்வியை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 1985ஆம் ஆண்டு வரை இவ்வூர்கள் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டுவார். கீழே இருப்பவர் நடுங்குவார். கதையாயினும் திரைப்படமாயினும் கேட்போர் சிரிப்பர். குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் சுமந்த வீட்டுப் பையனும் அக்கூட்டத்தில் அமர்ந்து உடன் சிரிக்கிறான். தன் ஊரே ஒரு தண்டனை என்பதுதான் அந்த வேடிக்கையின் பொருள் என்பது அவனுக்குத் தெரியாததன்று. ஆயினும் சிரிக்காவிட்டால் தனித்துத் தெரிவான். பதினைந்து வயதில் அதைவிடப் பெரிய அச்சம் வேறில்லை.

அதே வறட்சியைப் பற்றி அவ்வூரார் மரத்தடியில் அமர்ந்து பேசும் கேலியும் உண்டு. மேகம் ஊர் எல்லை வரை வந்து, வழி தவறிவிட்டது என்று திரும்பிப் போய்விட்டதாகச் சொல்லி அவர்களே சிரிப்பர். பொருள் ஒன்றுதான்; சொல்லும் வாய் வேறு. இங்கே கேலி செய்பவனின் வயலும் சேர்ந்தே காய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்ச் சிறார்க்குச் சித்திரக்கதைகளை அள்ளித் தந்ததும் அந்தத் தண்ணியில்லாக் காடுதான். வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் அச்சுத் தொழிலுக்கும் உதவிய சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளிவந்தது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. லக்கி லூக் தமிழ் பேசியது லயன் வழியாகத்தான். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946இல் படைத்த பாத்திரம் அது. புழுதி, முட்செடி, ஒற்றைத் தெரு ஊர், சுட்டெரிக்கும் வெயில் என்று விரியும் அந்த அமெரிக்க மேற்கு நம் கரிசல் பையனுக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது. அதில் டால்டன் சகோதரர் நால்வர் சிறையை உடைத்து வெளியேறுவதும், தம் மடமையால் மீண்டும் அகப்படுவதும் ஓயாத கூத்து. சிரிப்பு, துப்பாக்கி வைத்திருப்பவன் தலையிலேயே விழுகிறது. நல்ல நகைச்சுவைக்கு இதைவிடத் தெளிந்த இலக்கணம் வேண்டியதில்லை.

ஆனால் அதே ஏடுகளில் மற்றொன்றும் உண்டு. இளம் வாசகர்களைக் கருதி 1983இல் லக்கி லூக்கின் வாயிலிருந்த சிகரெட் நீக்கப்பட்டுப் புல்லின் தண்டு வைக்கப்பட்டது. அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1988இல் மோரிஸைப் பாராட்டிச் சிறப்பித்தது. பழைய கதைகளில் கறுப்பின மக்களும் சீன வண்ணாரும் செவ்விந்தியரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாய் வரையப்பட்டிருந்தது அப்போது அந்த அளவுக்கு யாரையும் உறுத்தவில்லை. மோரிஸ் 2001இல் மறைந்தார். பாஸ் ரீவ்ஸ் என்னும், உண்மையில் வாழ்ந்த கறுப்பினச் சட்டக்காவலரை மதிப்புடன் நிறுத்திய கதை 2020இல்தான் வெளிவந்தது. சிகரெட்டிற்கும் இதற்கும் இடையே 37 ஆண்டுகள்! புகையின் தீங்கைப் பிடிப்பவனின் நெஞ்சிலேயே காணலாம். கேலியின் தீங்கோ கேலிக்குள்ளானவன் முகத்தில் மட்டுமே தெரியும். அந்த முகம் சிரித்தவர்களின் எதிரே இல்லை.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளலாகாது, எள்ளப்படுவோர் மேலானவராய் இருக்கக்கூடும் என்பது திருமறை தரும் எச்சரிக்கை. இதைச் சிரிப்பிற்கே தடை என்று கொள்வோர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரின் நிகழ்ச்சியை மறந்துவிடுகின்றனர். ஒட்டகத்தின் குட்டியைத் தருகிறேன் என்றார்கள் நாயகம். குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று வந்தவர் திகைத்தார். எந்த ஒட்டகம்தான் ஒட்டகத்தின் குட்டி அல்ல என்பது மறுமொழி! சொன்னது பொய்யுமன்று, வந்தவர் சிறுமைப்படவும் இல்லை, கேட்ட ஒட்டகமும் கிடைக்கும். முல்லா நஸ்ருத்தீன் கதைகளிலும் பெரும்பாலும் அசடாக நிற்பவர் முல்லாவே.

இப்படியெல்லாம் அளந்து எழுதினால் கதை உபதேசமாகிவிடும், பிள்ளைகள் தூக்கியெறிவர் என்று எழுத்தாளர்கள் கூறக்கூடும். அதில் உண்மை உண்டு. நீதிக்கதைக்குக் கோமாளிக் குல்லாய் மாட்டுவதை யாரும் கேட்கவில்லை. கேலியைக் கைவிட வேண்டா. அது நிற்கும் திசையை மாற்றினால் போதும். திருச்சுழிக்குத் தண்டனையாக மாற்றப்பட்ட அதிகாரியையே கதைத்தலைவனாக வைத்துக்கொள்வோம். அவர் நாலு குடம் நீரும் ஒரு குடையும் சுமந்து பேருந்திலிருந்து இறங்குகிறார். குடிக்கத் தண்ணீர் கொடுக்க முதலில் முன்வருபவன் உள்ளூர்ப் பையன். ஆறாம் மாதம் சென்னைக்கு மாற்றல் வருகிறது. அதை நிறுத்தி வைக்க அவர் படும் பாடு இருக்கிறதே, அதற்கே நான்கு அத்தியாயம் வேண்டும்.