ஓர் இயற்பியல் பேராசிரியையின் கணக்கு

எங்கள் கல்லூரி இயற்பியல் துறைத் தலைவர் பணி ஓய்வு பெற்ற அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். அர்ப்பணிப்பு, பொறுமை, தாயுள்ளம், சேவை எல்லாம் வந்தன. இயற்பியல் என்ற சொல் துறையின் பெயராக வந்ததோடு சரி. வாழ்த்து மடல் எழுதியது நான்தான். தமிழ்த்துறையில் இருப்பவர்களுக்கு இந்த வேலை தானாக வந்து சேரும். அதில் அவரை மெழுகுவர்த்தி என்று எழுதியிருந்தேன். ஏற்புரையில் அவர் சிரித்துக்கொண்டே, "மெழுகுவர்த்தி எரியும்போது வெளிச்சமா வர்றது ரொம்பக் கொஞ்சம். மிச்சமெல்லாம் சூடாத்தான் போகும்" என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் நாங்கள் நான்கு பேர் அவரோடு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்தபோது, "இந்த உயர வித்தியாசத்தை வச்சு ஒண்ணு பண்ணணும்னு நெனச்சேன். பண்ணல" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் உண்டாகின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் சுமார் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் இடையே 1,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பழைய கணக்குப்படி ஏற்காட்டைக் கடக்கும் நூறு மியூவான்களில் பதினாறு போலத்தான் சேலம் வந்து சேர வேண்டும். ஆனால் பெரும்பாலானவை வந்துவிடும். அத்தனை வேகத்தில் ஓடும் துகளின் கடிகாரம், நமக்கு, மெதுவாக ஓடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் சொல்வது அதைத்தான். 1941இல் புரூனோ ரோசியும் டேவிட் ஹாலும் அமெரிக்காவில் டென்வர் நகரிலும் அதற்கு மேலே எக்கோ ஏரியிலும் துகள்களை எண்ணி இதைக் காட்டினார்கள். "நமக்கு டென்வரும் இருக்கு, ஏரியும் இருக்கு" என்றார் மேடம். ஏரியும் காடும் சேர்ந்துதானே ஏற்காடு.

கெய்கர் குழாய்கள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரவெல்லாம் எண்ண வேண்டும். மூன்றாமாண்டு மாணவிகளோடு மலையில் சில இரவுகள் தங்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார். குழாய்களுக்குப் பணம் கிடைத்திருக்கும். பொம்பளைப் பிள்ளைகள் ராத்திரி மலையில் தங்கினால் யார் பொறுப்பு என்ற கேள்வியில் காகிதம் நின்றுபோனது. பகலில் மட்டும் எண்ணிவிட்டு ஆறு மணிக்குள் இறங்கிவிடலாமா என்று அன்றைய நிர்வாகத்தில் ஒருவர் கேட்டாராம். எண்ணிக்கை போதாது என்று விளக்கிப் பார்த்து விட்டுவிட்டார்.

எனக்கு உடனே பிபா சவுத்ரி நினைவுக்கு வந்தார். 1930களின் இறுதியில் கொல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் தேவேந்திர மோகன் போஸுடன் வேலை செய்தவர். டார்ஜிலிங்கிலும் அதற்கு மேலே சந்தக்பூவிலும் ஒளிப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, காஸ்மிக் கதிர்களின் தடங்களைப் பதிவு செய்தார்கள். முடிவுகள் நேச்சர் இதழில் வந்தன. போர்க்காலத்தில் மேலும் நல்ல தகடுகள் கிடைக்கவில்லை. பிறகு அத்தகைய தகடுகளைக் கொண்டு செசில் பாவெல் பையானைக் கண்டுபிடித்தார்; 1950இல் நோபல் பரிசு அவருக்கு. இதைச் சொல்லி, "உங்களுக்கும் பறிபோனதுதானே மேடம்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "என்னை நடக்காத பரிசோதனை மாதிரி எழுதிடாதீங்கம்மா. முப்பத்து மூணு வருஷம் நான் சும்மா உக்காந்திருக்கல" என்றார்.

கீழே இறங்கிய பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. பெண்களின் அறிவு வாழ்க்கையை எழுத வரும்போது நம் கைவசம் இருப்பவை சாதித்தவளின் கதையும் இழந்தவளின் கதையும்தான். கல்லூரி ஆசிரியை இரண்டிலும் அடங்கமாட்டார். அதனால் அவரைத் தாண்டிப் போய்விடுகிறோம். அன்னா மாணியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம். பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வைப் படம்பிடிக்க ஒரு தகட்டுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருந்தவர். பல இரவுகள் அங்கேயே தூங்கினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்தது. பின்பு இந்திய வானிலைத் துறையின் கருவிகளையே அவர் உருவாக்கினார். இதையெல்லாம் நானே வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பட்டம் முடித்துப் பெங்களூர் போகும் முன் ஓராண்டு சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் அவர் பாடம் நடத்தினார் என்பதை ஒருமுறையும் சொன்னதில்லை. அந்த ஓராண்டு நமக்குக் காத்திருப்பு அறை.

இன்னொருவர் பி. விஜயலட்சுமி. திருச்சி சீதாலட்சுமி இராமசாமி கல்லூரியில் முதுகலை படித்து, 1974இல் சென்னைப் பல்கலைக்கழகக் கோட்பாட்டு இயற்பியல் துறையில் சேர்ந்தார். புற்றுநோயோடு போராடியபடியே ஆய்வை முடித்து 1982இல் முனைவரானார். 1985இல் இறந்துபோனார். அவரைப் பற்றி நான் படித்த எதிலும், திருச்சியில் அவருக்குக் குவாண்டம் இயக்கவியல் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் இல்லை. யாரோ ஒருவர் ஒரு கரும்பலகை முன் நின்றிருக்கிறார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கற்பித்தலும் ஆய்வும் சமம், மேடத்துக்குக் குறை ஒன்றுமில்லை என்று எழுதினால் அந்தக் காகிதத்தை நிறுத்தியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். ஆசிரியர் வேலைதான் பெண்ணுக்குத் தோதானது, நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பெண் பார்க்கும் கூடத்தில் சொன்ன அதே வாக்கியம்தான் விழா மேடையில் அறப்பணி என்று சால்வை போர்த்திக்கொண்டு வருகிறது. மாறாக, அவர் ஆய்வாளராக வேண்டியவர், வாய்ப்பில்லாமல் ஆசிரியராகத் தேங்கிவிட்டார் என்று எழுதினால், அலைச் சமன்பாட்டை அவரிடம் கற்ற பெண்கள் ஓர் இழப்புக்குக் கிடைத்த ஈடாகிவிடுகிறார்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்து பிடித்து வந்த மலையாளிப் பழங்குடிப் பெண்களும் அவர்களில் உண்டு. இருபது வளைவு இறங்கி வந்தவளிடம், நீ எனக்கு ஆறுதல் பரிசு என்று எந்த ஆசிரியை சொல்வார்?

வரவையும் செலவையும் கழித்து மீதியைப் பார்க்கும் பழக்கத்தில்தான் பிழை என்று இப்போது நினைக்கிறேன். மறுக்கப்பட்ட அந்த இரவுகள் ஒரு அநீதி. அதை முப்பத்து மூன்று ஆண்டு வகுப்புகளால் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. அந்த வகுப்புகள் ஒரு வேலை. திறமையாலும் உழைப்பாலும் ஆன இயற்பியல் வேலை. அநீதியைக் காட்டி அதைச் சிறியதாக்கவும் உரிமையில்லை. தனித்தனிப் பேரேடுகள். பாராட்டும் நமக்கும் பரிதாபப்படும் நமக்கும் ஒரே மீதித்தொகை தேவைப்படுகிறது, பேச்சை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்பதற்காக.

மேடத்தின் மாணவி ஒருத்தியிடம் பிறகு கேட்டேன், சார்பியலை எப்படி நடத்துவார் என்று. வகுப்புக்குள் வந்ததும் உள்ளங்கையை மேலே பார்த்து நீட்டச் சொல்வாராம். ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு, "ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான். உங்க கையில இப்ப எத்தனை வந்துச்சு?" என்று கேட்பாராம். பிள்ளைகள் விரல்களின் பரப்பை அளக்கத் தொடங்குவார்கள். கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து மேலே ஏற்காடு, கீழே சேலம் என்று எழுதி, அந்தப் பதினாறு எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடச் சொல்வாராம். ஆண்டுதோறும் அதே கோடு.

மடலைத் திருத்தித் தரட்டுமா என்று அவரைத் தொலைபேசியில் கேட்டேன். "ஃப்ரேம் போட்டு மாட்டியாச்சும்மா, ஆணி அடிச்சதே பெரிய பாடு" என்றார். அப்புறம், கெய்கர் குழாய் இப்போது இணையத்திலேயே விற்கிறார்கள், வரும் டிசம்பரில் இரண்டு நாள் ஏற்காட்டில் அறை எடுத்தால் நான் கூட வருவேனா என்று கேட்டார். எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம்.